பாறைக்குள் ஒரு பாதை – 9: இளகவேண்டிய நேரம்

போன வாரம் கான்சஸ் மாநிலத்தின் ஹியூகோடன் எரிவாயு வயலில் நிறுத்தியிருந்தோம். ஆண்டு 1947. ஸ்டானோலிண்ட் ஆயில் நிறுவனத்தார் கிளெப்பர் 1 என்ற கிணற்றில், 2,400 அடி ஆழத்துச் சுண்ணாம்புப் பாறைக்குள், நாபாம் சேர்த்துக் கெட்டியாக்கிய பெட்ரோலை 1,000 காலன் அளவுக்கு அழுத்திச் செலுத்தினார்கள். கிணற்றின் விளைச்சல் சொல்லிக்கொள்ளும்படி கூடவில்லை.

இரண்டே வருடத்தில் நிலைமை தலைகீழானது. 1949 மார்ச் 17 அன்று ஓக்லஹோமாவின் ஸ்டீபன்ஸ் கவுண்டியிலும் டெக்சாஸின் ஆர்ச்சர் கவுண்டியிலும் ஹாலிபர்ட்டன் நிறுவனம் இதே வேலையைக் கூலிக்குச் செய்தது. முதல் வருடத்தில் 332 கிணறுகள். சராசரி விளைச்சல் 75 சதவீதம் ஏறியது. திரவத்தை அழுத்திப் பாறையைப் பிளக்கும் இந்த ஃப்ராக்கிங் ஒரு தொழிலாகிவிட்டது.

கிளெப்பர் கிணற்றைப் பற்றி ஒரு விவரத்தை மட்டும் இந்த வாரத்துக்காக எடுத்து வைத்திருந்தேன். அந்தக் கெட்டிப் பெட்ரோலுக்குப் பின்னாலேயே வேறொரு திரவத்தையும் இறக்கினார்கள். முன்னால் போனதை இளக்குவதுதான் அதன் வேலை.

மறக்கப்பட்ட இரண்டாம் படி

1949-ல் ஸ்டானோலிண்டின் ஜே.பி. கிளார்க் இந்த முறையை விளக்கி ஒரு கட்டுரை வெளியிட்டார். அதில் வேலையை இரண்டு படிகளாகப் பிரித்தார். முதல் படி: மணல் போன்ற துகள்கள் மிதக்கும் தடித்த திரவத்தை உயர் அழுத்தத்தில் செலுத்திப் பாறையைப் பிளப்பது. இரண்டாம் படி: அதே திரவத்தின் தடிமனை இறக்கி, அது சுலபமாக வெளியேற வழி செய்வது.

ஃப்ராக்கிங்கின் வரலாறு எழுதியவர்கள் பெரும்பாலும் முதல் படியோடு நின்றுவிட்டார்கள். பம்புகளின் குதிரைத்திறன், மணல் லாரிகளின் வரிசை, அழுத்தமானியின் முள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. இரண்டாம் படியில் பார்க்க எதுவும் இல்லை. அது நிலத்துக்கு அடியில், இருட்டில், யாரும் தொட முடியாத இடத்தில் நடக்கிறது. ஆனால் கிணறு பிழைப்பதும் சாவதும் அங்கேதான்.

திரவம் ஏன் தடிக்க வேண்டும்? பாறையில் திறக்கும் பிளவின் அகலம் சில மில்லிமீட்டர். அழுத்தத்தை எடுத்ததும் மேலே உள்ள மண்ணின் கனமும் சுற்றுப் பாறையின் நெருக்கலும் அதை மூடிவிடும். மூடாமல் முட்டுக் கொடுக்க மணல் வேண்டும். அந்த மணல் கிணற்றடியிலேயே உட்கார்ந்துவிடாமல் பிளவின் கடைசி நுனிவரை போகவேண்டும் என்றால், சுமந்துபோகும் திரவம் கெட்டியாக இருந்தாகவேண்டும்.

ஏன் இளக வேண்டும்? திரவம் போன வழியாகத்தான் எரிவாயு வெளியே வரவேண்டும். வழி முழுக்கக் கெட்டிக் கூழ் அடைத்துக்கொண்டிருந்தால், பிளந்த பிளவும் பிளக்காத பாறையும் ஒன்றுதான்.

ஆக, ஒரே திரவம் போகும்போது ஒரு குணத்தோடும், போய்ச் சேர்ந்தபின் அதற்கு நேர் எதிரான குணத்தோடும் இருக்கவேண்டும். இடையில் மாற்றிவிட அங்கே ஆள் கிடையாது.

பின்னாலேயே இன்னொரு திரவத்தை அனுப்புவது நெடுநாள் ஓடவில்லை. முன்னே போன கூழுக்குள் அது சரியாகக் கலக்காது. அதனால் இளக்கும் மருந்தையும் மேலேயே, கூழ் கலக்கும்போதே சேர்க்கத் தொடங்கினார்கள். வயலில் அதற்கு பிரேக்கர் என்று பெயர். சேர்த்த நொடியிலிருந்து அது தன் வேலையைத் தொடங்கப் பார்க்கும். அதைத் தாமதப்படுத்துவது எப்படி என்பதே அடுத்த ஐம்பது வருடங்களின் கதை.

கொத்தவரை வந்தது

1953 வாக்கில் பெட்ரோலுக்கும் கச்சா எண்ணெய்க்கும் பதிலாகத் தண்ணீர் வந்தது. தண்ணீரைக் கெட்டியாக்க என்ன செய்வது? விடை நம் வீட்டுத் தோட்டத்தில் காய்க்கிறது. பொரியலாகவும் வற்றலாகவும் நாம் சாப்பிடும் கொத்தவரையின் முற்றிய விதையில் ஒரு பிசின் இருக்கிறது. வணிக உலகம் அதைக் குவார் கம் என்கிறது. உலகின் கொத்தவரை விளைச்சலில் பெரும்பங்கு இந்தியாவில், அதிலும் முக்கியமாக ராஜஸ்தானின் வறண்ட நிலத்தில். 2012-ல் இந்த விதையின் விலை எகிறி, முன்பேர வர்த்தகத்தையே அரசு நிறுத்திவைத்தது. அமெரிக்க எண்ணெய்க் கம்பெனிகள் ஜோத்பூர் சந்தையைக் கவலையோடு பார்த்துக்கொண்டிருந்த அந்தக் காலத்துக்குப் பிறகு வருவோம்.

இப்போது அந்தப் பிசினின் உள்ளே கொஞ்சம் பார்க்கவேண்டும். மேனோஸ் என்ற சர்க்கரை ஒன்றோடொன்று கோத்து ஒரு நீண்ட முதுகெலும்பு. அதிலிருந்து பக்கவாட்டில் கேலக்டோஸ் என்ற இன்னொரு சர்க்கரை கிளைத்து நிற்கும். ஒரு மூலக்கூறில் சுமார் பத்தாயிரம் சர்க்கரை அலகுகள். இந்த நீளம்தான் ரகசியம். 1,000 லிட்டர் தண்ணீருக்கு 5 கிலோவுக்கும் குறைவான மாவு போதும். சங்கிலிகள் ஒன்றோடொன்று சிக்கி, தண்ணீர் கூழாகிவிடும்.

அந்தக் கூழிலும் போதிய பலம் இல்லை என்று பட்டபோது, போரேட் உப்பைச் சேர்த்துச் சங்கிலிகளைக் குறுக்கே பிணைத்தார்கள். அட்லாண்டிக் ரிஃபைனிங் நிறுவனத்தின் (பின்னாளைய ஆர்கோ) லாய்டு கெர்ன் இதற்கு 1962 அக்டோபரில் காப்புரிமை பெற்றார். அடுப்பில் ஏற்றாமலே தண்ணீர் நடுங்கும் ஜெல்லாக மாறியது.

இவ்வளவு கெட்டியாகிவிட்டதை எப்படி அவிழ்ப்பது? அதே நிறுவனத்தின் டாம் பெர்கின்ஸ் 1964 டிசம்பர் 29 அன்று, போரேட் ஜெல்லை உடைக்கும் பிரேக்கருக்குக் காப்புரிமை வாங்கினார். பூட்டுக்கும் சாவிக்கும் நடுவே இரண்டு வருட இடைவெளி. பூட்டு முதலில், சாவி பிறகு என்ற இந்த வரிசை இத்தொழிலில் திரும்பத் திரும்ப வரும்.

போரேட் பிணைப்புக்கு ஒரு நல்ல குணம் உண்டு. காரத்தன்மை உள்ளவரைதான் அது பிடித்து நிற்கும். காரம் இறங்கினால் தானே விட்டுவிடும். ஆனால் பிணைப்பு விட்டால் போதாது. பத்தாயிரம் அலகு நீளமுள்ள சங்கிலிகள் முழுசாக அப்படியே கிடக்கும். அவற்றையே துண்டு துண்டாக வெட்டினால்தான் கூழ் தண்ணீராகும்.

வெட்டுவதற்கு ஒரு உப்பு

வெட்டும் வேலைக்கு அதிகம் பயன்பட்டது அம்மோனியம் பெர்சல்ஃபேட். அழகு நிலையங்களில் முடியை வெளுக்கவைக்கும் பொடிகளில் இருக்கும் அதே வகை உப்பு. சூடு பட்டதும் இது இரண்டாக உடைந்து, மிக வேகமாக வினைபுரியும் துணுக்குகளாகும். அந்தத் துணுக்குகள் கொத்தவரைச் சங்கிலியைக் கண்ட இடத்தில் கத்தரிக்கும்.

சூடு பட்டதும் என்றேன். சிக்கலே அங்கேதான். 50 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இந்த உப்பு சோம்பேறி. தூண்டிவிட இன்னொரு ரசாயனம் சேர்க்கவேண்டும். பாறையின் சூடு அதிலிருந்து ஏற ஏற இதன் வேகம் பன்மடங்காகும். கொதிநிலைக்குப் பக்கத்தில் உள்ள பாறையில், மணல் போய்ச் சேருமுன்பே கூழ் தண்ணீராகிவிடும் ஆபத்து.

ஒரே கிணற்றிலும் எல்லாக் கூழுக்கும் ஒரே கணக்கு கிடையாது. முதலில் இறங்கிய கூழ் பிளவின் நுனிவரை போய், மணிக்கணக்கில் சூட்டில் கிடக்கும். கடைசியில் இறங்கியது, முன்னே போன குளிர்ந்த திரவம் ஆற்றிவைத்த வாசலருகே நிற்கும். அதற்குச் சூடும் குறைவு, நேரமும் குறைவு. அதனால் ஆரம்பத்தில் பிரேக்கரைக் கொஞ்சமாகவும் போகப்போகக் கூடுதலாகவும் கலக்கும் வழக்கம் வந்தது. வேலைக்கு முந்தைய நாட்களில் ஆய்வகத்தில் கூழைச் சீசாக்களில் ஊற்றி, பாறையின் சூட்டில் உள்ள வெந்நீர்த் தொட்டியில் வைத்து, அவ்வப்போது சாய்த்துப் பார்ப்பார்கள். விளிம்பைத் தாண்டி நாக்குப்போலத் தொங்கினால் கூழ் உயிரோடு இருக்கிறது. சளக்கென்று ஊற்றினால் உடைந்துவிட்டது.

தவறு இரண்டு விதமாக நேரலாம்.

சீக்கிரம் உடைந்தால், மணல் நடுவழியில் இறங்கிப் பிளவை அடைக்கும். அழுத்தம் சடாரென்று ஏறும், பம்புகளை நிறுத்தவேண்டியிருக்கும், கிணற்றுக் குழாய் முழுக்க மணல் நிற்கும். அதைச் சுத்தம் செய்ய நாட்களும் பணமும் ஆகும். களத்தில் உள்ள அத்தனை பேரும் அதைப் பார்ப்பார்கள். யார் கணக்குப் போட்டார் என்று அன்றைக்கே கேட்பார்கள்.

உடையாமலே போனால் அன்றைக்கு ஒன்றும் நடக்காது. எல்லாம் திட்டப்படி முடிந்தது என்று கைகுலுக்கிப் பிரிவார்கள். மாதங்கள் கழித்து, எதிர்பார்த்ததைவிடக் குறைவாகக் கிணறு ஊறும். பாறை மட்டம் என்று சொல்லிவிட்டு அடுத்த கிணற்றுக்குப் போய்விடுவார்கள்.

இந்த இரண்டில் எதற்குப் பயந்து மனிதர்கள் வேலை செய்வார்கள்? பிரேக்கரைக் கை சுருக்கிப் போட்டார்கள். சீசாவில் கூழ் உடைந்தால் போதும் என்று திருப்திப்பட்டார்கள். இந்தத் தொழிலின் மிகப் பெரிய நஷ்டம் இந்தக் கஞ்சத்தனத்தில்தான் போயிருக்கும் என்பது என் எண்ணம். அதைச் செய்தவர்களை முட்டாள்கள் என்று சொல்லவும் மனம் வரவில்லை. கண்ணெதிரே வரும் அடிக்குத்தான் எவரும் முதலில் குனிவார்கள்.

குக் போட்ட கணக்கு

1973-ன் எண்ணெய் நெருக்கடி அமெரிக்காவை உலுக்கியது. விலை ஏறியதும், அதுவரை யாரும் சீண்டாத இறுகிய பாறைகளை நோக்கிக் கம்பெனிகள் திரும்பின. கொலராடோ போன்ற மாநிலங்களில் ஒரே கிணற்றில் பத்து லட்சம் பவுண்டு மணல்வரை இறக்கும் ராட்சத வேலைகள் தொடங்கின. ஆழம் கூடியது, சூடு கூடியது, பம்பு ஓடும் நேரம் மணிக்கணக்கில் நீண்டது. போரேட் பிணைப்பு அந்தச் சூட்டில் தளர்ந்ததால், டைட்டானியம், சிர்கோனியம் போன்ற உலோகங்களால் சங்கிலிகளைக் கட்டினார்கள். இவை எளிதில் அவிழாத கட்டுகள். பூட்டு இன்னும் பெரிதானது. சாவி பழைய சாவிதான்.

அப்போது ஹூஸ்டனில் எக்ஸான் ஆய்வு நிறுவனத்தில் கிளாட் குக் என்றொருவர் இருந்தார். முட்டு மணலைப் பற்றிப் பிடிவாதமாக யோசித்தவர். ஆழத்தில் மணல் நொறுங்குகிறது என்று கண்டு, பாக்ஸைட்டைச் சுட்டுச் செய்த உருண்டைகளை மாற்றாகக் கொண்டுவந்தவரும் இவரே. 1975-ல் அவர் வெளியிட்ட ஒரு கட்டுரை, இத்தனை நாள் யாரும் கேட்காத கேள்வியைக் கேட்டது. பிளவு மூடிக்கொண்டபின், கூழ் விட்டுச்செல்லும் மிச்சம் மணலின் இடைவெளியை எவ்வளவு அடைக்கிறது?

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்கலாம். கணக்கு எளியது. விளைவுதான் பயங்கரம்.

மூடிய பிளவில் ஒரு லிட்டர் மணல் படுகையை எடுத்துக்கொள்வோம். அதில் மணல் சுமார் 1.6 கிலோ; மணிகளுக்கு நடுவே உள்ள காலி இடம் சுமார் 0.4 லிட்டர். லிட்டர் கூழுக்கு அரைக் கிலோ மணல் என்று அனுப்பியிருந்தால், அந்த 1.6 கிலோவைச் சுமந்துவந்த கூழ் மூன்று லிட்டருக்கும் மேல். மூன்று லிட்டர் எப்படி 0.4 லிட்டர் இடத்தில் அடங்கும்? தண்ணீர் பிளவின் சுவர் வழியாகப் பாறைக்குள் கசிந்துபோய்விடுகிறது. ஆனால் கொத்தவரைச் சங்கிலிகள் பாறையின் நுண்துளைகளில் நுழைய முடியாத அளவுக்குப் பெரியவை. வடிதட்டில் கஞ்சி இறங்கிவிட்டுச் சோறு நிற்பதுபோல், மாவு முழுவதும் பிளவுக்குள்ளேயே நின்றுவிடும். அங்கே இருக்கும் கூழ், மேலே கலந்ததைவிட எட்டு மடங்கு செறிவானது. மணல் ஏறாத முன்கூழையும் சேர்த்தால் இன்னும் அதிகம். சுவர்களில் அது ரப்பர்போன்ற படலமாகப் படிந்திருக்கும்.

ஆய்வகத்துச் சீசாவில் சாய்த்துப் பார்த்தது அந்தக் கூழை இல்லை. செறிவாகாத, தண்ணீர் இழக்காத, பாறையைப் பார்க்காத வேறொரு கூழைப் பார்த்துவிட்டு, பல வருடங்களாகத் தேர்ச்சி மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

இதைவிட மோசமான செய்தி ஒன்று கூடவே ஒளிந்திருந்தது. பெர்சல்ஃபேட் ஓர் உப்பு. தண்ணீரில் கரைந்திருப்பது. தண்ணீர் பாறைக்குள் ஓடும்போது அதுவும் கூடவே ஓடிவிடும். வெட்டப்படவேண்டியது பிளவில் எட்டு மடங்காகக் குவிகிறது. வெட்டவேண்டியது பாறைக்குள் கரைந்து மறைகிறது.

பிரேக்கரை அதிகமாகப் போட்டுவிடலாமே என்று தோன்றும். போட்டால் பம்பு ஓடும்போதே கூழ் உடையும். குறைத்தால் படலம் அப்படியே நிற்கும். 1980-களில் பல ஆய்வகங்கள் மணலை உண்மையான பாறைத் தட்டுகளுக்கு நடுவே வைத்து, உண்மையான அழுத்தத்தில் நசுக்கி, கூழையும் செலுத்திச் சோதித்தபோது, மணல் படுகையின் கடத்துதிறனில் பெரும்பகுதி போய்விடுவதைத் திரும்பத் திரும்பப் பார்த்தன. இந்த இறுக்கத்திலிருந்து வெளியே வர, கரையாத பிரேக்கர் ஒன்று வேண்டியிருந்தது.

பூமியே நசுக்கும் மாத்திரை

1980-களின் பிற்பாதியில் டோவெல் ஷ்லம்பர்ஜர் நிறுவனத்தார் பெர்சல்ஃபேட் மணிகளின் மேல் பிளாஸ்டிக் போன்ற ஒரு பூச்சைப் போர்த்தினார்கள். மணி ஒவ்வொன்றும் ஏறக்குறைய முட்டு மணலின் அளவே. உறை இருப்பதால் உப்பு உடனே கரையாது. மணலின் அளவில் இருப்பதால் தண்ணீரோடு பாறைக்குள் ஓட முடியாது. மணலோடு மணலாகப் பிளவிலேயே தங்கும்.

திறப்பது யார்? பம்பு நின்று, அழுத்தம் இறங்கி, பாறையின் இரு சுவர்களும் மணலின் மேல் வந்து அமர்கின்றன. அந்த நெருக்கலில் உறைகள் நசுங்கிப் பிளக்கின்றன. உப்பு வெளியே வருகிறது, கூழ் செறிந்து படலமாகிக் கிடக்கும் அதே இடத்தில், வேலை முடிந்த அதே நேரத்தில். சில வகைகளில் தண்ணீர் உறைக்குள் மெல்ல ஊறி உள்ளிருந்து வெடிக்கச் செய்வதும் உண்டு.

எனக்கு இந்தக் கண்டுபிடிப்பில் பிடித்தது இதன் சோம்பல்தான். இத்தனை வருடங்கள் கடிகாரத்தை மேலே இருந்து முடுக்கப் பாடுபட்டார்கள். இவர்கள் அந்தப் பொறுப்பைப் பாறையிடமே விட்டுவிட்டார்கள். பம்பு ஓடும்போது உடையுமோ என்ற பயம் தணிந்ததால், முன்பு நினைத்தும் பார்க்காத அளவுக்குப் பிரேக்கரைத் தாராளமாகச் சேர்க்க முடிந்தது.

நேப்பிள்ஸ் கடலிலிருந்து ஒரு உதவி

இன்னொரு பாதையிலும் ஆட்கள் தேடிக்கொண்டிருந்தார்கள். விதை முளைக்கும்போது இதே பிசினை நொதிகளால் செரித்துத்தானே செடி வளர்கிறது? நொதி ஒரு சங்கிலியை வெட்டியதும் தீர்ந்துபோவதில்லை. அடுத்த சங்கிலிக்குப் போகும். பெர்சல்ஃபேட்டோ ஒரு முறை வினைபுரிந்தால் முடிந்தது.

ஆரம்பத்தில் கிடைத்த நொதிக் கலவைகள் ஏமாற்றின. சுமார் 60 டிகிரிக்கு மேல் அவை செயலிழந்தன. போரேட் ஜெல்லுக்கு வேண்டிய காரம் அவற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. முதுகெலும்பை வெட்டாமல் பக்கக் கிளைகளை மட்டும் மேய்ந்துவிட்டால் நிலைமை முன்பைவிட மோசம். கேலக்டோஸ் கிளைகள்தான் அந்தச் சங்கிலியைத் தண்ணீரில் கரைத்து வைத்திருக்கின்றன; அவை போனால் மொட்டை மேனோஸ் சங்கிலிகள் ஒன்றோடொன்று ஒட்டி, திப்பியாகப் படிந்துவிடும்.

1990-களின் முதல் பாதியில், கொத்தவரைச் சங்கிலியின் குறிப்பிட்ட கண்ணிகளை மட்டும் வெட்டும் நொதிகளைப் பி.ஜே. சர்வீசஸ் நிறுவனத்தார் கொண்டுவந்தார்கள். வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் கெல்லியின் குழு இன்னும் தூரம் போனது. இத்தாலியின் நேப்பிள்ஸ் அருகே, கடலடி வெந்நீர் ஊற்றில் வாழும் தெர்மோடோகா நியாபோலிடானா என்ற நுண்ணுயிரிடமிருந்து, கொதிநிலையை ஒட்டிய சூட்டிலும் வேலை செய்யும் நொதிகளை எடுத்தது. குளிர்ந்திருக்கும்போது தூங்கி, பாறை சூடேற்றும்போது விழிக்கும் பிரேக்கர் என்ற கனவுக்கு அது மிக அருகே வந்தது.

1995 வாக்கில் இந்தத் துறையினர் நிம்மதியாக மூச்சு விட்டிருக்கலாம். உறையிட்ட உப்பு, தேர்ந்தெடுத்த நொதி, நம்பகமான சோதனை முறை. கிளார்க் எழுதிய இரண்டாம் படிக்கு, ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்து ஒருவழியாக விடை எழுதியாகிவிட்டது.

கேள்வியே தப்பென்றால்?

டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த் நகருக்கு வடக்கே, மிட்செல் எனர்ஜி என்ற கம்பெனி 1981 முதல் பார்னெட் ஷேல் என்ற களிப்பாறையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. பாறையில் எரிவாயு ஏராளம். வெளியே எடுக்கும் செலவு அதைவிட ஏராளம். செலவில் பெரிய பங்கு கூழுக்குப் போனது: மாவு, பிணைப்பு, பிரேக்கர் எல்லாம் சேர்த்து. கம்பெனியின் நிறுவனர் ஜார்ஜ் மிட்செலுக்கு வயது எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தது.

1997-ல் அங்கே வேலை பார்த்த நிக் ஸ்டைன்ஸ்பெர்கர் என்ற இளம் பொறியாளர், கூழ் சரியாகத் திரளாமல் தண்ணீராகவே இறங்கிவிட்ட ஒரு வேலையின் விளைவைப் பார்த்துக்கொண்டிருந்தார். விதிப்படி அந்தக் கிணறு படுத்திருக்க வேண்டும். படுக்கவில்லை. கிழக்கு டெக்சாஸில் யூனியன் பசிபிக் ரிசோர்சஸ் என்ற இன்னொரு கம்பெனி வேறு வகைப் பாறையில் ஏறக்குறைய வெறும் தண்ணீரையே செலுத்திப் பார்ப்பதையும் அவர் அறிந்தார்.

இளக்கப் பாடுபடுவானேன், கெட்டியாக்காமலே விட்டுவிட்டால்?

மூத்த பொறியாளர்களிடம் பதில் தயாராக இருந்தது. களிப்பாறையில் தண்ணீர் பட்டால் களிமண் ஊதி வழியை அடைக்கும். தடித்த கூழே தூக்கத் திணறும் மணலை வெறும் தண்ணீர் தூக்காது. இரண்டுமே பாடப்புத்தகத்தில் உள்ளவை.

ஸ்டைன்ஸ்பெர்கர் மேலதிகாரிகளிடம் மூன்று கிணறுகளைக் கேட்டார். கொடுத்தார்களா? கொடுத்தால், மணலைத் தூக்க முடியாத தண்ணீர் அந்தப் பிளவுகளை எதைக்கொண்டு திறந்துவைக்கப் போகிறது?

(தொடரும்)